தை மாசியில் கொல்லைத் தோட்டமும் குடும்ப ஆரோக்கியமும்

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை தை மாதத்தில் மும்முரமாக நடைபெறுகிறது. களத்தில் நெல் குவிகிறது. வைக்கோல் போர் ஏறுகிறது. குடியானவரின் கவனம் முழுவதும் நெல்லின் ஈரத்திலும், தூற்றலிலும், விலையிலும் நிற்பது இயல்பே. அறுவடை முடிந்த பின்னர் வயலில் வேலை குறைந்து, கையில் சிறிது பணமும் மனத்தில் சிறிது ஓய்வும் ஏற்படுகின்றன. இந்த ஓய்வுக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கவனிக்கப்படாமற் கிடக்கும் நிலம் ஒன்று உண்டு. அது வீட்டுக்குப் பின்புறத்திலுள்ள கொல்லையே. சில வீடுகளில் மூன்று சென்டும், சில வீடுகளில் பத்து சென்டுமாக உள்ள இந்நிலம், எருக்குப்பையும் முட்செடியும் மண்டி, ஆடு கோழிகளின் மேய்ச்சல் தரையாகவே இருந்து வருகிறது.

தை மாசி மாதங்களில் இக்கொல்லையைத் திருத்திப் பயிரிடுவதால் குடும்பத்துக்கு உண்டாகும் அனுகூலம் என்ன, அதனை எவ்வாறு செய்யவேண்டும், ஒரு வீட்டார் கற்றதை ஊரார் அனைவரும் எங்ஙனம் கற்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கொல்லைத் தோட்டத்தைப் பொழுதுபோக்கென்றோ, ஸ்திரீகளின் சில்லறை வேலையென்றோ எண்ணி ஒதுக்குவது தவறு. வயலில் விளையும் நெல்லால் நிரப்ப முடியாத ஒரு குறையை நிரப்புவது கொல்லையே.

நெல் நிறைந்த வீட்டில் குறைவது என்ன?

2019 முதல் 2021 வரை நடத்தப்பெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்த சோகை உடையவர்களாயிருந்தனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இத்தொகை நூற்றுக்கு 57. வறுமையே இதற்குக் காரணம் என்று கூறி ஒதுக்கிவிட இடமில்லை. வசதியுள்ள குடும்பங்களையும் இது விட்டுவைக்கவில்லை. பத்து ஏக்கர் நஞ்சையுடைய வீட்டிலும், படியேறினால் மூச்சு வாங்குகிற தாயும், பள்ளிக்கூடத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிற மகளும் இருக்கக்கூடும். குதிரில் நெல் இருப்பதால் உடம்பில் ரத்தம் இருப்பதாக எண்ணிவிடலாகாது.

நமது ஆகாரத்திலுள்ள இக்குறை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. குன்னூரில் ஆராய்ச்சி செய்த ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பிரதேசத்து ஜனங்களின் ஆகாரங்களை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி இவை நிறைந்த சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைச் சொற்பமாகவும் கொண்ட சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. அவருக்குப் பின் அந்நிலையத்தின் தலைவராயிருந்த அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி 1937-ல் வெளியிட்டார். அந்நிலையம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் காய்கறியும் சேர்ந்து 400 கிராம் தேவை என்பது அந்நிறுவனத்தின் 2024-ம் வருஷத்து ஆலோசனை. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு இது தினம் இரண்டு கிலோவாகிறது.

தினம் இரண்டு கிலோ காய்கறியை விலை கொடுத்து வாங்கும் கிராமக் குடும்பங்கள் வெகு சிலவே. நெல் விளையும் ஊர்களில் காய்கறி தூரத்துச் சந்தைகளிலிருந்தே வருகிறது. வந்து சேர்வதற்குள் கீரை வாடிவிடுமாதலால், வியாபாரிகள் கீரையை அதிகமாகக் கொண்டு வருவதில்லை. உருளைக் கிழங்கும் வெங்காயமுமே கடைகளில் நிற்கின்றன. ஆகவே, பறித்த அன்றே சமைக்கவேண்டிய கீரை வகைகளைக் கொல்லையில் பயிரிடுவதைத் தவிர வேறு நல்ல வழியில்லை.

தை மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டிய காரணம்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28-ந் தேதி அடைக்கப்படுகிறது. அணை அடைபட்ட சில வாரங்களில் வாய்க்கால் வறள்கிறது. அதனையடுத்துக் கிணற்றின் மட்டமும் இறங்குகிறது. தை மாதத்தில் வடகிழக்குப் பருவ மழையின் ஈரம் நிலத்தில் இன்னும் நிற்கிறது. வெயில் கடுமையாக இல்லை. இச்சமயத்தில் விதைத்த செடி, வேரை ஆழமாக ஓடவிட்டுப் பங்குனி சித்திரை வெயிலைத் தாங்கும் பலம் பெறுகிறது. பங்குனியில் விதைத்த செடியோ, முளைத்த நாள் முதல் வெயிலில் வாடி, ஊற்றும் நீரில் பெரும்பகுதியை வீணாக்குகிறது.

சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே உளுந்தையும் பச்சைப் பயற்றையும் நின்ற பயிரில் தெளித்து, வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே அவற்றை விளைவித்துக்கொள்வது டெல்டாக் குடியானவர்கள் நன்கறிந்த முறை. அதே யுக்தியைக் கொல்லைக்கும் அனுசரிக்க வேண்டுமென்பதே இங்கு கூறுவது. ஈரம் போனபின் நீரைத் தேடுவதைவிட, ஈரம் இருக்கும்போதே விதையை இடுவது மேல்.

இடமும் அமைப்பும்

ஐந்து சென்டு நிலம் ஐந்து பேருள்ள குடும்பத்துக்குப் போதும். அவ்வளவு இல்லாதவர்கள் இரண்டு சென்டிலும் கீரையையும் இரண்டொரு கொடிகளையும் பயிரிடலாம். முதலில் கொல்லையில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் முழுவதும் கவனித்து வரவேண்டும். தை மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் மரங்களின் நிழல் வடக்கே விழுகிறது. ஆகையால் முருங்கை, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை முதலிய நிரந்தரப் பயிர்களையும், புடல், பாகல், பீர்க்கு இவற்றுக்கான பந்தலையும் கொல்லையின் வட எல்லையில் அமைக்கவேண்டும். தெற்கில் அமைத்தால் பாத்திகள் நிழலில் அகப்பட்டுச் செடிகள் வெளுத்து நீளும்.

நடுவிலுள்ள இடத்தைப் பத்தடி நீளமும் நாலடி அகலமுமுள்ள பாத்திகளாகப் பிரிக்கவேண்டும். பாத்தியின் அகலம் நாலடிக்கு மேற்பட்டால், இருபுறமும் நின்று கைநீட்டிக் களையெடுக்க முடியாது. பாத்தியில் கால் வைத்தால் மண் இறுகும். பாத்திகளுக்கு இடையே ஒன்றரை அடி நடைபாதை விடுக. கடலோரத்து உவர் நிலங்களிலும், தண்ணீர் தேங்கும் களிமண் நிலங்களிலும் பாத்தியைத் தரைமட்டத்துக்கு அரையடி உயர்த்துவது அவசியம்.

வேலியில்லாத தோட்டம் ஆட்டுக்கே பயன்படும். கம்பி வேலிக்குச் செலவிட முடியாதவர்கள் ஆடாதொடையையும் நொச்சியையும் நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைக்கலாம். இவ்விரண்டையும் ஆடு கடிப்பதில்லை. வேலி வளருமட்டும் முள் அடைத்துக் காப்பாற்ற வேண்டும். அகத்தியை வேலியோரம் நடுவோர், அது ஆட்டுக்கு மிகவும் பிரியமானது என்பதை நினைவில் வைத்து, வேலிக்கு உட்புறமாகவே நடுவார்களாக.

எருவும் விதையும்

நன்றாக மக்கிய தொழு உரம் சென்டுக்கு 100 கிலோ வீதம் இட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டவேண்டும். மக்காத சாணத்தை இடுவதால் கரையானும் வேர்ப்புழுவும் பெருகும். வருகிற வருஷத்து எருவுக்காகக் கொல்லையின் ஒரு மூலையில் ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழமுள்ள குழி ஒன்று வெட்டி, குப்பை கூளம், சருகு, சாணம், அடுப்புச் சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு நீர் தெளித்து வரவேண்டும். களத்தில் சிதறிய வைக்கோலைத் தீயிடாமல் சேர்த்து வைத்து, மாசி பிற்பகுதியில் செடிகளின் அடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால், ஈரம் காய்வது வெகுவாகக் குறையும், களையும் அடங்கும்.

தைப் பட்டத்துக்கு ஏற்றவை கத்தரி, தக்காளி, மிளகாய், முள்ளங்கி, வெண்டை, கொத்தவரை, சுரை, பூசணி, பாகல், பீர்க்கு ஆகியவையும் எல்லாக் கீரை வகைகளுமாம். கத்தரி, தக்காளி, மிளகாய் இம்மூன்றையும் மேட்டுப் பாத்தியில் நாற்றாக விட்டு, 25 முதல் 35 நாட்களில் பிடுங்கி நடவேண்டும். நாற்றழுகலைத் தடுக்க, விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நலம். வெண்டையை ஒன்றரை அடி இடைவெளியுள்ள வரிசைகளில், ஓரடிக்கு ஒன்றாக ஊன்றலாம். கொத்தவரைக்கு வரிசையில் அரையடி போதும். கொடிக்காய்களுக்கு ஒன்றரை அடிச் சதுரக் குழிகள் வெட்டி, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்தபின் நல்லவை இரண்டை நிறுத்திக்கொள்ளவும். பாகல், புடல், வெண்டை ஆகியவற்றின் விதைத் தோல் தடித்தது. தைக் குளிரில் இவை முளைக்கத் தாமதிக்குமாதலால், ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து வைத்து, பின்னர் ஊன்றுவது உத்தமம்.

முருங்கையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் ரகம் விதையால் பயிராவது. நட்ட ஆறாம் மாதத்தில் காய்க்க ஆரம்பிக்கும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகி, கையெட்டும் உயரத்தில் இலையும் காயும் கிடைக்கும். வீட்டுக்கு இரண்டு மரம் போதும்.

கீரைக்கு ஒரு கணக்கு

கொல்லைத் தோட்டம் பல வீடுகளில் தோல்வியடைவதற்குக் காரணம், எல்லா விதையையும் ஒரே நாளில் விதைத்துவிடுவதாகும். 25-ம் நாளில் எல்லாக் கீரையும் ஒருங்கே முற்றி, பாதியை மாட்டுக்குப் போடுவார்கள். அடுத்த மாதம் பாத்தி வெறுமையாகக் கிடக்கும். இதைத் தவிர்க்கக் கீழ்க்கண்ட கணக்கைப் பின்பற்றலாம்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை வீதம் ஐந்து பேருக்கு அரைக் கிலோவும், பத்து நாட்களுக்கு ஐந்து கிலோவும் வேண்டும். பத்தடிக்கு நாலடி பாத்தியொன்றில் நல்ல பராமரிப்பில் சுமார் மூன்று கிலோ முளைக்கீரை எடுக்கலாம். ஆகவே இரண்டு பாத்திகள் பத்து நாளைக்குப் போதும். முதல் நாள் இரண்டு பாத்தி, பத்தாம் நாள் வேறு இரண்டு பாத்தி, இருபதாம் நாள் மற்றும் இரண்டு பாத்தி விதைக்க வேண்டும். முப்பதாம் நாளில் முதலிரண்டு பாத்திகளும் அறுப்பாகி, மீண்டும் விதைக்கத் தயாராயிருக்கும். இவ்விதம் ஆறு பாத்திகளைக்கொண்டு வருஷத்தில் பெருமழை நாட்கள் நீங்கலாக இடையறாது கீரை பெறலாம். இவ்வாறு பாத்திகளும் பிடிக்கும் நிலம், நடைபாதை நீங்கலாக, அரைச் சென்டைவிடச் சிறிதே அதிகம்.

பாத்திக்கு ஒரு கிராம் விதை போதும். அதைப் பத்துப் பங்கு மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். தூவிய பின் மெல்லிய மண் தூவி மூடி, பாத்தியைச் சுற்றிலும் சாம்பல் இட்டால் எறும்பு விதையைத் தூக்கிச் செல்வது குறையும். நாளொன்றுக்குப் பாத்திக்கு ஒரு குடத்துக்குச் சற்று அதிகமாக நீர் வேண்டும். முளைக்கீரையை வேருடன் பிடுங்குவது வழக்கம். அரைக்கீரையைப் பிடுங்காமல், தரைக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால், பலமுறை துளிர்த்துப் பலன் தரும்.

வீட்டுக் கழிவு நீரின் உபயோகம்

2019-ல் ஆரம்பிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று அளவு வகுக்கப்பட்டது. ஐந்து பேருள்ள வீட்டுக்கு இது 275 லிட்டர். இதில் குடிக்கவும் சமைக்கவும் போக, மிகுதியெல்லாம் குளித்த நீராகவும் பாத்திரம் கழுவிய நீராகவும் வெளியே போகிறது. தெருவில் தேங்கும் இந்த அழுக்கு நீரிலேதான் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு முட்டையிடுகிறது. கொசுவை வளர்க்கும் நீரைக்கொண்டு வாழையை வளர்ப்பது விவேகம்.

குளியலறைத் தாரை வந்து விழும் இடத்தில் மூன்றடிச் சதுரமும் மூன்றடி ஆழமுமுள்ள குழி வெட்டி, அடியில் செங்கல் துண்டும், நடுவில் சரளையும், மேலே மணலும் நிரப்பவேண்டும். மேல்மணல் அழுக்குப் படிந்து அடைபட்டால் அதைமட்டும் சுரண்டியெடுத்துப் புது மணல் இடலாம். குழியைச் சுற்றி வாழை, சேம்பு, கல்வாழை இவற்றை நட்டால் அவை நீரை உறிஞ்சிக்கொள்ளும். குடிநீர்க் கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் 50 அடிக்குக் குறையாத தூரத்தில் குழி இருக்கவேண்டும். கழிப்பிடத்து நீர் இதில் கலக்கவே கூடாது. சலவைத் தூள் மிகுதியாகக் கரைந்த நீரைச் செடிக்கு விடலாகாது. அது மண்ணை இறுக்கி உவராக்கும். பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் கீரைக்கும் கழிவு நீர் கூடாது. நல்ல நீரே ஊற்றவேண்டும். மரத்துக்குக் கழிவு நீரையும் பாத்திக்கு நல்ல நீரையும் பங்கிட்டுக்கொண்டால், கோடையிலும் தோட்டம் நிற்கும்.

பனியும் பூச்சியும்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது வழக்கு. இப்பனிக் காலத்தில் மாலையில் நீர் ஊற்றினால் இரவு முழுவதும் இலை நனைந்து நோய்க்கு இடமாகும். ஆகையால் காலையிலேயே, செடியின் அடியில், நீர் விடவேண்டும். சாம்பல் நோய் கண்ட பூசணி, சுரை முதலிய கொடிகளுக்குச் சிலர் கந்தகத் தூளைத் தூவுகின்றனர். இது கொடிகளைக் கருக்கிவிடும், செய்யலாகாது. நோயுற்ற அடியிலைகளைக் கிள்ளி அகற்றிக் காற்றோட்டம் உண்டாக்குவதே வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமான பரிகாரம்.

அவரையில் அசுவினி அடையாக அப்பும்போது, ஆரம்பத்திலேயே அந்நுனிகளைக் கிள்ளி அழித்து, எஞ்சியவற்றை நீரைப் பீச்சிக் கழுவலாம். மேலும் தேவையானால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கவும். வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, சிறிது நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் அடிக்கலாம். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகும் நோய்க்கு மருந்து கிடையாது. வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி பரப்புமாதலால், முதற் செடியைக் கண்டவுடன் தயங்காமல் பிடுங்கிப் புதைக்கவேண்டும். பழ ஈ குத்திய பாகற்காய்களையும் சேர்த்து ஆழமாகப் புதைக்க வேண்டும். குப்பையில் எறிந்தால் அவற்றிலிருந்து மீண்டும் ஈ பிறக்கும். வீட்டார் உண்ணும் பாத்திக்குக் கடும் விஷ மருந்துகளை உபயோகிப்பது கூடாது.

காலுக்குச் செருப்பும் குடலுக்கு மருந்தும்

கொல்லையில் விளைந்த கீரையை உண்டும் ரத்த சோகை நீங்காத வீடுகள் உண்டு. அதற்கு முக்கியமான இரண்டு காரணங்களை ஸ்திரீகளும் புருஷர்களும் அறிந்திருக்கவேண்டும்.

முதலாவது கொக்கிப் புழு. மலம் கலந்த ஈர மண்ணில் இதன் குஞ்சுகள் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து ரத்தத்தை உறிஞ்சுகின்றன. கொல்லையை மலஜலத்துக்கு உபயோகிக்கும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அங்கே தோட்டம் போடுவதற்கு முன் அப்பழக்கத்தை நிறுத்துக. தோட்ட வேலை செய்வோர் செருப்பணிந்து வேலை செய்யவும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10-ந் தேதியை ஒட்டி அனுசரிக்கப்பட்டு வருகிறது. தோட்டம் தளிர்க்கும் இதே பருவத்தில் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் கொடுக்கப்படும் மாத்திரையைக் குழந்தைகள் தவறாமல் உட்கொள்ளும்படி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உண்ணும் முறை. கீரையிலுள்ள இரும்புச் சத்தில் ஒரு சிறு பகுதியே உடம்பில் சேர்கிறது. எலுமிச்சை, நெல்லி, தக்காளி இவற்றின் புளிப்பிலுள்ள சி ஜீவசத்து உடன் சேர்ந்தால் அதிகமாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் அது தடைப்படும். கீரையை நறுக்கிய பின் கழுவுவதும், வெந்த நீரை வடித்துக் கொட்டுவதும் சத்தை வீணாக்கும் செயல்கள். கண்ணுக்கு நன்மை தரும் ஏ ஜீவசத்தாக மாறும் பொருள் முருங்கைக் கீரையில் மிகுதி. அது உடம்பில் சேரச் சிறிதளவு எண்ணெய் வேண்டும். பருவ வயதுப் பெண்ணும் கர்ப்பிணியும் கீரையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டு, கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையையும் உட்கொள்ள வேண்டும். கீரை அம்மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

ஒரு கொல்லை ஊருக்குப் பள்ளிக்கூடமாகலாம்

துண்டுப் பிரசுரத்தைப் படித்துத் தோட்டம் போட்டவர்கள் சிலரே. அண்டை வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துப் போட்டவர்களே பலர். 1989-ல் இந்தோனேசியாவில் நெற்பூச்சிகளை அடக்குவதற்காக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியுடன் வயல்வெளிப் பள்ளிகள் ஆரம்பிக்கப்பட்டன. குடியானவர்கள் ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் ஒரே வயலில் கூடி, தாங்களே பூச்சியை எண்ணி, தாங்களே முடிவு செய்து கற்றனர். இம்முறை பின்னர் பல தேசங்களுக்குப் பரவி, இந்தியாவிலும் நடைபெற்று வருகிறது. கொல்லைத் தோட்டத்துக்கு இது மிகவும் பொருத்தமானது.

ஊரில் பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்தால் போதும். பள்ளிக்கூடத்தையோ அங்கன்வாடியையோ ஒட்டிய கொல்லை ஒன்றைத் தெரிந்துகொள்க. பெரிய வீட்டின் உட்கொல்லையைத் தெரிந்தெடுத்தால் எல்லோரும் தயக்கமின்றி வரமாட்டார்கள். நிலமுள்ள வீட்டுப் பெண்களும், கூலி வேலை செய்வோர் தெருப் பெண்களும் பேதமின்றி வந்து நிற்கத்தக்க பொது இடமே வேண்டும். ரத்த சோகை தெருப் பார்த்து வருவதில்லை. நிலமில்லாத வீட்டாரிடம் விதையைப் பாதுகாப்பதிலும், காட்டுக் கீரைகளை இனம் கண்டு பறிப்பதிலும் நிலமுள்ளவர்களுக்கு இல்லாத அனுபவம் இருப்பது உண்டு. அவர்கள் கற்பிப்பவர்களாகவும் வரவேண்டும்.

வாரம் ஒரு நாள், அறுவடை வேலைக்குப் போவோரும் வரத்தக்க மாலை வேளையில், ஒரு மணி நேரம் கூடினால் போதும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு வேலையைச் செய்து பார்க்கவேண்டும். ஒரு வாரம் பாத்தி கட்டுதல், மறு வாரம் விதை ஊறவைத்தல், அடுத்த வாரம் வேப்பங்கரைசல் தயாரித்தல் என்றவாறு செல்லலாம். வேலை முடிந்தபின் அன்று அறுத்த கீரையை நிறுத்துப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்புவித்தால் அவர்கள் உற்சாகத்துடன் செய்வார்கள். கடைசி மாதத்தில் விதைக்காக விட்ட காய்களைப் பறித்து உலர்த்தி, சாம்பலில் கலந்து, பெயரும் தேதியும் எழுதி வைத்து, வீட்டுக்கு வீடு பங்கிட்டுக்கொள்ளலாம். ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் விளையாதாதலால், நாட்டு ரகங்களையும், இலாகா வெளியிட்ட சாதாரண ரகங்களையுமே விதைக்கு நிறுத்த வேண்டும்.

கிராம அதிகாரிகள் இதில் செய்யக்கூடியது அதிகம். ஜனவரி 26-ந் தேதி கிராம சபை கூடுகிறது. அது தை மாதத்தின் நடுப்பகுதி. தோட்டம் ஆரம்பிக்கவேண்டிய தருணம். கூட்டத்தில் இதனை எடுத்துச் சொல்லி, பொதுக் கொல்லைக்கு இடத்தையும் நீரையும் ஒதுக்கித் தரும்படி தீர்மானம் செய்யலாம். உதவித் தோட்டக்கலை அலுவலரை அழைத்து விதையும் யோசனையும் பெறலாம். கிராமச் சுகாதாரச் செவிலியரையும் ஒரு வாரம் அழைக்கலாம். தெருவில் தேங்கும் கழிவு நீருக்கு உறிஞ்சு குழிகள் அமைப்பதை ஊராட்சி மேற்பார்வை செய்யலாம்.

சில ஆக்ஷேபணைகள்

“வீட்டில் வேலை செய்ய ஆள் இல்லை” என்பார் சிலர். ஐந்து சென்டுத் தோட்டத்துக்கு, பாத்திகள் கட்டி முடிந்த பிறகு, காலையில் முக்கால் மணி நேரம் வேலை இருக்கும். ஆனால் அம்முக்கால் மணி நேரத்தையும் விடியற்காலையில் எழுந்து சமைக்கும் ஸ்திரீயின் தலையிலேயே சுமத்துவது நியாயமன்று. ரத்தம் குறைந்தவளின் வேலையைக் கூட்டி அவள் ரத்தத்தைப் பெருக்க முடியாது. மண் கொத்துவதும், நீர் சுமப்பதும், வேலி அடைப்பதும் புருஷர்களின் வேலையாக இருக்கவேண்டும். வயலுக்குப் போக இயலாத வயோதிகர்கள் இளங்காலை வெயிலில் களையெடுப்பதால், உடம்புக்கு அசைவும் மனத்துக்கு ஆறுதலும் பெறுவார்கள்.

“கடையில் வாங்குவது மலிவு” என்பார் வேறு சிலர். அறுவடைக் காலத்துத் தக்காளி சில நாட்களில் மலிவாயிருக்கலாம். அத்தகைய நாட்களில் தக்காளியை வாங்கிக்கொண்டு, கீரையையும் முருங்கையையும் மட்டும் வீட்டில் பயிரிட்டாலும் நஷ்டமில்லை. பணத்தை மிச்சப்படுத்துவது மட்டும் தோட்டத்தின் நோக்கமன்று. வாங்கவேண்டிய நாளில் வாங்காமல் விடும் காய்கறியை, கொல்லையில் இருப்பதால் தினம் உண்கிறோம் என்பதே பெரிய லாபம். அவ்விதம் விளைந்ததையும் முதலில் புருஷர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி, சட்டியில் எஞ்சியதைத் தாயும் மருமகளும் உண்ணும் வழக்கம் நீடித்தால், தோட்டத்தின் பயன் சேரவேண்டியவரைச் சேராது. இதனைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும்.

தை முதல் பங்குனி வரை வேலைக் குறிப்பு

தை முதல் வாரம்: கொல்லையைத் துப்புரவு செய்தல், வேலி, எருவிட்டுக் கொத்துதல், கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுவிடுதல்.
தை இரண்டாம் வாரம்: முதலிரண்டு கீரைப் பாத்திகள், வெண்டை, கொத்தவரை ஊன்றுதல், கொடிக்காய்க் குழிகள்.
தை பிற்பகுதி: இரண்டாவது, மூன்றாவது தவணைக் கீரை, உறிஞ்சு குழியும் வாழையும், குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை.
மாசி முற்பகுதி: முதற் கீரை அறுப்பு, அப்பாத்திகளில் மறுவிதைப்பு; நாற்று நடவு; பந்தல் போடுதல்.
மாசி பிற்பகுதி: வைக்கோல் மூடாக்கு; வெண்டை முதற் பறிப்பு; பூச்சி பார்த்தல்.
பங்குனி: விதைக்குக் காய் நிறுத்துதல், முருங்கை நுனி கிள்ளுதல், நீரைக் கழிவு நீர், நல்ல நீர் என்று பங்கிட்டு ஊற்றுதல்.

நெல் அளக்கும் மரக்காலைக் குடியானவர் கவனமாகப் பார்க்கிறார். அவ்வளவு கவனத்துடன் தம் வீட்டு அடுக்களையில் இன்று என்ன கீரை வெந்தது, அதை யார் யார் உண்டார்கள் என்றும் விசாரிப்பாராயின், இவ்வருஷத் தை மாதம் வீணாகாது. இப்பொழுது களத்து வேலைக்கு இடையில் கிடைக்கும் இரண்டு நாட்களை ஒதுக்கி, முதல் இரண்டு பாத்திகளை மட்டுமேனும் கட்டி விதைத்துவிடுவார்களாக. மற்றவற்றைப் பத்து நாள் கழித்துச் செய்யலாம்.